520 ரூபாய் ஸ்கேனரும் குமுளி ஏற்றமும்

வாங்கி ஐந்து மாதம் ஆகிறது, அதனால் பெட்டியைப் பிரித்த வேகத்தில் எழுதுகிற விமர்சனம் இல்லை இது. ஈஎல்எம் 327 என்று மேலே அச்சடித்த, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய நீலநிற டப்பா. ஆன்லைனில் 520 ரூபாய். கார் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு 16 பின் சாக்கெட் இருக்குமே, அதில் செருகி, போனில் புளூடூத்தைப் போட்டு, ஏதாவது ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டால் இன்ஜின் கம்ப்யூட்டர் பார்க்கிற எண்களை நாமும் பார்க்கலாம். ஆர்பிஎம், பேட்டரி வோல்டேஜ் எல்லாம் வரும். நான் வாங்கியது ஒரே ஒரு எண்ணுக்காக, கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே சுற்றுகிற தண்ணீர், எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்க.

ஏன் என்றால் என் கார் 2014 மாடல் சின்ன ஹேட்ச்பேக், அதில் வெப்பம் காட்டுகிற முள்ளே கிடையாது. நீல விளக்கு எரிந்தால் இன்ஜின் இன்னும் குளிர்ச்சி, சிவப்பு விளக்கு எரிந்தால் கதை முடிந்தது, நடுவில் என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டாம் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். பழைய வண்டிகளில் சும்மா ஒரு முள் இருக்கும், அது பாதியைத் தாண்டினாலே நாம் ஏசியை அணைத்துவிடுவோம். அந்த முள்ளை எடுத்துவிட்டு மூன்று கப் ஹோல்டர் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு வீடு குமுளியில், கடை கம்பத்தில். வாரத்துக்கு நான்கு நாள் கீழே இறங்கி மேலே ஏறுவேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வரைக்கும் சாலை நல்ல பிள்ளை மாதிரி வரும், அதற்குப் பிறகு குமுளி செக்போஸ்ட் வரை ஆறேழு கிலோமீட்டர் ஒரே ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள், முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் இன்னொரு லாரி. இரண்டாம் கியரில், ஏசி போட்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் முன்பக்கம் காற்றே படாது. சபரிமலை சீசன் என்றால் சொல்லவே வேண்டாம்.

போன பிப்ரவரியில் ஒரு மத்தியானம், முல்லைப் பெரியாறு தண்ணீர் இறங்குகிற ராட்சதக் குழாய்களைத் தாண்டிய வளைவில் பானெட் ஓரத்திலிருந்து ஆவி. வண்டியில் மனைவியும் பையனும். நிறுத்திவிட்டு, பதற்றத்தில் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். தோட்டத்து ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஜீப் நின்றது. அதை ஓட்டிவந்த பெரியவர் இறங்காமலே கத்தினார்: "தம்பி, மூடியில கை வைக்காதீங்க! மூஞ்சி வெந்துரும். பானெட்டைத் தூக்கி விட்டுட்டு அந்தப் பக்கம் போய் உக்காருங்க. அரை மணி நேரம் ஆகட்டும்." அவர் சொன்னபடியே உட்கார்ந்தோம். ஆறிய பிறகு பாட்டில் தண்ணீர் இரண்டு லிட்டர் உள்ளே போனது.

இனிதான் கடுப்பு. ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம், ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைத் திறந்தார், மூடினார், ஹெட் கேஸ்கட் போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும், பதினெட்டாயிரம் ஆகும், லேத் வேலை வந்தால் இன்னும் கூட ஆகலாம் என்றார். ஹெட் கேஸ்கட் என்பது சிலிண்டர் காற்றும் தண்ணீரும் ஆயிலும் ஒன்றோடொன்று கலக்காமல் இன்ஜினின் மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவில் இருக்கிற தகடு. இவ்வளவையும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் கண்டுபிடித்துவிட்டார். யோசிச்சுச் சொல்றேண்ணே என்று வந்துவிட்டேன். அன்று ராத்திரிதான் இந்த டப்பாவை ஆர்டர் போட்டது. பதினெட்டாயிரம் கொடுப்பதற்கு முன்னால் 520 கொடுத்துப் பார்ப்போமே என்ற கணக்கு.

டப்பா வருவதற்குள் ஹெட் கேஸ்கட்டைப் பற்றி வீட்டிலேயே பார்க்க முடிந்ததைப் பார்த்தேன். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன், பால் விட்ட காபி நிறத்தில் எதுவும் இல்லை, ஆயில் மூடியின் அடியிலும் இல்லை. காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தேன், தொடர்ந்து குமிழி வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் கசிகிறது என்று அர்த்தம், ஒன்றிரண்டு வந்து நின்றுவிட்டது. சைலன்சரில் விடாத வெள்ளைப் புகை இல்லை. கேஸ்கட் போயிருந்தால் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸ் கல் மாதிரி ஆகிவிடும் என்பார்கள். என் வண்டியில் நேர்மாறு, நன்றாகச் சூடான பிறகும் அந்த ஹோஸ் குழைந்த கத்திரிக்காய் போல அமுங்கியது. அந்த அமுங்கலிலேயே விடை இருந்திருக்கிறது. எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

சரி, டப்பாவுக்கு வருவோம். புளூடூத்தில் சேர்க்கும்போது பின் கேட்கும், 1234 போட்டால் சேர்ந்துவிடும், சிலதுக்கு 0000. ஆண்ட்ராய்டு போன் என்றால் பிரச்சினை இல்லை. மனைவியின் ஐபோனில் கண்ணுக்கே தெரியவில்லை, இந்த விலையில் வருகிற பழைய வகை புளூடூத் டப்பாக்கள் ஐபோனோடு சேராது, அதற்கு வைஃபை அல்லது பிஎல்இ என்கிற புது வகை புளூடூத் வாங்க வேண்டும். சாக்கெட் இருக்கிற இடம் முழங்காலில் இடிக்கும், கிளட்ச் மிதிக்கும்போது நான் இரண்டு முறை உதைத்திருக்கிறேன்.

முதல் நாள் ஃபால்ட் கோட், அதாவது கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கிற கோளாறு எண் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமே இல்லை. எல்லாம் நலம் என்று பச்சை டிக் காட்டியது. நடுரோட்டில் ஆவி விட்ட வண்டிக்குப் பச்சை டிக்! டப்பா பொய் சொல்லவில்லை, இன்ஜின் கம்ப்யூட்டருக்கு சென்சாரும் ஒயரும் சரியாக இருந்தால் போதும், ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா டீ இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. கோட் வரவில்லை, அதனால் கோளாறு இல்லை என்று நினைப்பவர்கள் இந்த டப்பாவை வாங்க வேண்டாம். வாங்கினால் கோட் பக்கத்தை மறந்துவிட்டு, ஓடும்போது மாறுகிற எண்ணைப் பாருங்கள்.

மறுநாள் காலை குமுளியிலிருந்து இறங்கும்போது போனை ஹோல்டரில் மாட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். 58, 61, 63. லோயர் கேம்ப் வந்தும் 62. கூடலூர் வந்தும் 70ஐத் தாண்டவில்லை. கொதிக்கிற வண்டி என்று பார்த்தால் குளிரில் நடுங்குகிறது! இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வுதான் தெர்மோஸ்டாட். என் வண்டியில் அது திறக்கிற வெப்பம் 82 டிகிரி. அது சரியாக இருந்தால் இறக்கத்தில்கூட எண் எண்பதை ஒட்டி நிற்க வேண்டும். கடைக்குப் போய் ஷட்டரைக்கூடத் திறக்காமல், இன்ஜின் ஆறியதும் பத்து எம்எம் ஸ்பேனரில் இரண்டு போல்ட்டைக் கழற்றினேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. யாரோ எப்போதோ எடுத்துவிட்டு வெறும் கூட்டை மூடி வைத்திருக்கிறார்கள். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, அதனால் எந்தப் புண்ணியவான் என்று தெரியாது. "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குண்ணே" என்கிற வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வண்டி சூடாகிறது என்று போனால் காரணத்தைத் தேடாமல் இதைக் கழற்றிவிடுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கழற்றினால் இன்ஜின் எப்போதும் அரைகுறைச் சூட்டில் ஓடும், பெட்ரோல் கூடக் குடிக்கும், சூடேறிய காரணம் அப்படியே உள்ளே கிடக்கும்.

இது ஒன்றுக்கே டப்பாவுக்குக் கொடுத்த காசு வசூல் என்பேன். அந்த எண்ணைப் பார்க்காமல் இருந்திருந்தால் அங்கே கழற்றிப் பார்க்க எனக்குத் தோன்றியே இருக்காது.

அன்று மாலை ஏறும்போது ஏசி போட்டு வேண்டுமென்றே லாரிக்குப் பின்னால் ஊர்ந்தேன். 84, 88, 93. 96இல் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது, ஆக ஃபேனும் ரிலேயும் சரி. 97 ஆனது. செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் கீழே, போனில் 97 என்று இருக்கும்போதே பானெட்டிலிருந்து அதே ஆவி, அதே வாசனை. ஓரம் கட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தேன். 97 என்பது வழக்கமாக எந்த வண்டியும் தொடுகிற எண், பயப்பட ஒன்றும் இல்லை. டப்பா தப்பாகக் காட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன், அன்று ராத்திரி ஒரு ஸ்டார் போட்டு விமர்சனம்கூட எழுத ஆரம்பித்தேன். நல்ல வேளை, போடவில்லை.

சரிபார்க்க வேறு தெர்மாமீட்டர் தேடினேன். கொரோனா காலத்தில் கடை வாசலில் வைத்திருந்த நெற்றித் துப்பாக்கியை ரேடியேட்டர் பக்கம் நீட்டினேன், அது மனிதக் காய்ச்சலைத் தாண்டி எதையும் ஒப்புக்கொள்ளாது, கீச் கீச் என்று கத்தியது. இந்த வேலைக்கு வேறு வகைத் துப்பாக்கி இருக்கிறது, அதையும் பளபள அலுமினியத்தில் அடித்தால் எண் குறைவாகக் காட்டும், கறுப்பு ரப்பர் ஹோஸ் மேல் அடிக்க வேண்டும். நான் அதை வாங்கவில்லை, தேவையும் வரவில்லை.

தேவை வராத காரணம் அடுப்பங்கரை. கம்பத்தில் புது தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கியிருந்தேன், 340 ரூபாய். மாட்டுவதற்கு முன்னால் புதிதையும் சோதித்துவிட வேண்டும், பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டால் எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று கண் முன்னால் தெரியும். "ஏங்க, பால் காய்ச்சுற பாத்திரத்துலயா வண்டிச் சாமானைப் போடுவீங்க?" என்று ஒரு குரல் வந்தது, பழைய அலுமினியக் கிண்ணத்துக்கு மாறினேன். கேக் செய்ய வாங்கிய ஊசித் தெர்மாமீட்டரை விளிம்பில் சாய்த்து வைத்தேன். 80 வரை அந்தப் பித்தளை வட்டு அசையவில்லை. 82, 83இல் ஓரத்தில் நூல் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது, 90ஐத் தாண்டும்போது விரல் நுனி நுழைகிற அளவுக்குத் திறந்துவிட்டது, பார்க்கவே அழகாக இருந்தது. பையன் மறுபடி மறுபடி செய்யச் சொன்னான். அவனுக்காக அடுப்பை அணைக்காமல் விட்டபோதுதான் கவனித்தேன், தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, தெர்மாமீட்டர் 97இல் நின்றுவிட்டது. தீயைக் கூட்டினாலும் 97தான்.

குமுளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். முந்நூறு மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கிற வெப்பம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி குறையும். இங்கே நூறு டிகிரி வரைக்கும் தண்ணீர் காத்திருக்காது. பத்தாம் வகுப்பில் படித்ததுதான், பருப்பு வேக நேரமாகிறது என்று வீட்டில் தினம் கேட்பதும்தான், காருக்கும் அதே கணக்கு என்று அடுப்பு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

டப்பா காட்டிய 97 சரி. தண்ணீர் கொதித்ததும் சரி. கொதிக்க விட்டது ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி கிடையாது, குக்கர் வெயிட் மாதிரி. என் வண்டி மூடியில் 0.9 என்று அச்சடித்திருக்கும், அதாவது உள்ளே 0.9 பார் அழுத்தம் சேரும் வரை விடாமல் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் குமுளியிலும் கூலன்ட் கலக்காத வெறும் தண்ணீர்கூட 115ஐத் தாண்டித்தான் கொதிக்கும். கேஸ்கட் போன குக்கரில் விசில் வராது, ஓரத்தில் ஆவிதான் போகும். மூடியைக் கழற்றிப் பார்த்தேன், அடியில் இருக்கிற ரப்பர் வளையம் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. நடுவில் பொட்டு மாதிரி ஒரு குட்டி வால்வு இருக்கும், இன்ஜின் ஆறும்போது பக்கத்து டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள. அதுவும் துருவில் ஒட்டிப்போயிருந்தது. வெளியே போன தண்ணீர் உள்ளே திரும்பாததற்குக் காரணம் அதுதான். ஹோஸ் ஏன் குழைந்த கத்திரிக்காயாக இருந்தது என்பதும் புரிந்துவிட்டது.

புது மூடி 190 ரூபாய். உங்கள் பழைய மூடியில் இருக்கிற அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள், கூடுதல் எண் இருந்தால் நல்லது என்று 0.9க்குப் பதில் 1.3 வாங்கிப் போட்டால் பழைய ஹோஸ்தான் பிய்த்துக்கொள்ளும்.

உள்ளே இருந்தது முழுக்கக் கிணற்றுத் தண்ணீர், செங்கல் கரைத்த நிறம். வடித்து, வெளியே வருவது தெளிகிற வரை அலசி, கலந்தே வருகிற கூலன்ட் நான்கு லிட்டர் ஊற்றினேன். தனி கூலன்ட் வாங்கினால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும், அந்தக் கலவை அழுத்தம் இல்லாமலே கடல் மட்டத்தில் 106, 107 வரைக்கும் கொதிக்காது, துருவும் பிடிக்காது. இனிப்பு வாசனைக்கு நாயும் பூனையும் வந்து நக்கும், எத்திலீன் கிளைக்கால் அவற்றுக்கு விஷம், வடித்ததை முற்றத்தில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வண்டியின் மூக்கை மேட்டில் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு ஓடவிட வேண்டும் என்பார்கள். குமுளியில் சமதளம் கிடைப்பதுதான் கஷ்டம், மேட்டுக்கு என்ன பஞ்சம், வீட்டு வாசலே போதுமானதாக இருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சர் இடுக்கில் பூச்சியும் பஞ்சும் அப்பிக் கிடந்தன, தோட்டத்துக் குழாயில் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக அடித்துக் கழுவினேன்.

இப்போது இறக்கத்தில் 81, 82. சமதளத்தில் 86. ஏற்றத்தில் ஏசியோடு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தாலும் 96இல் ஃபேன் ஓடும், 98 போகும், 92க்கு இறங்கும். ஆவி இல்லை. டேங்கில் அளவு ஐந்து மாதமாக அதே கோட்டில் நிற்கிறது. டப்பாவையும் கூலன்ட்டையும் சேர்த்தே மொத்தச் செலவு இரண்டாயிரத்து முந்நூறு சொச்சம்.

டப்பாவின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் பதிப்பு 1.5 என்று போட்டிருக்கிறது. ஈஎல்எம் சிப்பைச் செய்த கனடா கம்பெனி 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை, அந்தக் கம்பெனியும் 2022இல் மூடிவிட்டது. இந்த விலைக்கு வருவதெல்லாம் நகல்தான், தெரிந்தே வாங்குங்கள். எண் ஓரிரு நொடி தாமதமாக மாறும், வெப்பத்துக்கு அது போதும், வேறு வேலைக்குப் போதாது. செருகியபடியே விட்டால் வண்டி நிற்கும்போதும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், நாலு நாள் ஊருக்குப் போகிறவர்கள் கழற்றி வைத்துவிட வேண்டும். ஆப்பில் கோட் அழிக்கிற பட்டன் பெரிதாக இருக்கிறது, விளக்கு எரிகிறதே என்று அதை அழுத்தினால் மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய தடயமும் சேர்ந்து போய்விடும்.

இன்னொன்று, இதுதான் ஆபத்தானது. சென்சார் தண்ணீருக்குள் முங்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுக்க வெளியேறி சென்சார் காற்றில் தொங்கினால், இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்போது போனில் எண் இறங்கும். ஏற்றத்தில் 100ஐத் தொட்ட எண் திடீரென்று 80க்கு வந்தால் அப்பாடா என்று மிதிக்காதீர்கள், உடனே ஓரம் கட்டி அணையுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை. நான் கொடுத்த வேலையைச் செய்தது, அதனால் மூன்று. அரை, நான் எழுதவிருந்த ஒரு ஸ்டாருக்குப் பிராயச்சித்தம். முள் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை, அந்தக் காசில் ஒரு நல்ல மூடி வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். 2010க்கு முந்தைய வண்டி என்றால் சாக்கெட் இருக்கிறதா, இருந்தாலும் பேசுமா என்று யாரிடமாவது கடன் வாங்கிச் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

இப்போதைக்கு டப்பா உத்தமபாளையத்தில் மச்சான் வண்டியில் இருக்கிறது. அவன் வண்டியில் ஃபேன் சாவி போட்டதிலிருந்து நிற்காமல் ஓடுகிறதாம், போனில் மைனஸ் 40 டிகிரி காட்டுகிறதாம், "டப்பா கெட்டுப்போச்சு மாப்ளே" என்று நேற்று போன் செய்தான். மைனஸ் 40 என்றால் சென்சார் ஒயர் எங்கோ கழன்றிருக்கிறது என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் மாற்றியபோது எதையாவது இழுத்துவிட்டிருப்பான், பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.